குரோய்டன் மண்ணில் ஓர் ஊரி

குரோய்டன் வெலஸ்லி வீதியில், லூனார் ஹவுஸ் வாசலில், விடியுமுன்னரே வரிசையில் நின்ற நாட்களை எம்மவர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். காலடியில் கிடந்த நிலத்தைப் பற்றி எண்ண அன்று எவருக்கும் பொழுதிருக்கவில்லை.

அவ்வீதியிலிருந்து நியூ அடிங்டன் செல்லும் டிராம் வண்டியில் ஏறினால், சாண்டிலாண்ட்ஸ் தரிப்பிடத்தைத் தாண்டியதும் சுரங்கப்பாதை வருகின்றது. 1885இல் திறக்கப்பட்ட பழைய புகையிரதப் பாதை அது. டிராம் ஓடுவது 2000ஆம் ஆண்டு முதல். அப்பாதைக்காகப் பார்க் ஹில் குன்றினை வெட்டியபோது வெளிப்பட்ட மண்படைகளைக் கிளாசன் என்னும் ஆர்வலர் ஆராய்ந்து 1883இல் எழுதினார். ஆளுயரத்தை விஞ்சிய, பறக்கவியலாத பறவையொன்றின் எலும்புகளும் அவருக்குக் கிடைத்தன. 1886இல் நியூட்டன் என்ற ஆய்வாளர் அப்பறவைக்குக் கிளாசனின் பெயரையே சூட்டினார். பறவைக்குக் கிடைத்த புகழ், வுல்விச் படை எனப்படும் அதே படைவரிசைக்கு உரிய ஒரு சிறு நத்தைக்குக் கிடைக்கவில்லை என்பது எமது குறை.

டிம்பனோடோனஸ் ஃபுனாட்டஸ் என்பது அதன் பெயர். சசெக்ஸ் மருத்துவர் கிடியோன் மாண்டெல் 1822இல் அதனை விவரித்தார். நீண்டு கூம்பிய சுருள் ஓடு. சுருள்களைச் சுற்றி முடிச்சிட்ட கயிறு போலச் சிறு புடைப்புகள். இலத்தீன் பெயரும் கயிற்றையே சுட்டுகின்றது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் வெதுவெதுப்பான சேற்றில் அது வாழ்ந்தது. காலம், சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்.

யாழ். கடல்நீரேரியின் வற்றுச் சேற்றில் கால் புதைய நடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே கூட்டங்கூட்டமாக ஊரும் கூம்பு ஊரியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் இங்கிலாந்தில் இந்த நத்தை ஊர்ந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடே இருக்கவில்லை! எமது கிணறுகள் ஊடறுக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. குறைந்தது 3 கோடி ஆண்டுகள் பிந்தியே கடலடியில் படிந்தது.

பிள்ளைகளுடன் பார்க் ஹில்லுக்குச் சென்று ஓடு தேடிய நாம் வெறுங்கையுடனேயே திரும்பினோம். வெட்டுச் சரிவுகளில் மரஞ்செடிகள் அடர்ந்துள்ளன. டிராம் பாதையில் இறங்குவதும் ஆபத்து. வுல்விச் படையைக் காண விரும்புவோர் தென்கிழக்கு இலண்டனின் சார்ல்டனில், மேரியன் பூங்காவை அடுத்துள்ள கில்பர்ட் பள்ளத்துக்குச் செல்லலாம். அது பாதுகாக்கப்பட்ட இடம். பார்ப்பதுடன் நின்றுகொள்க, தோண்டுதல் ஆகாது.

காலநிலை குளிர்ந்த பின்னர் ஐரோப்பாவில் இந்த இனவழி நிலைக்கவில்லை. இன்று அதில் எஞ்சியிருப்பது ஒரேயொரு வகை. மேற்கு ஆபிரிக்கக் கண்டற்காட்டுச் சேற்றில் அது வாழ்கின்றது. நைஜீரியாவில் அதனை நுனி தட்டி, கீரைக் குழம்பிலிட்டு உண்கின்றனர். அயல்வீட்டில் நைஜீரியக் குடும்பம் இருப்பின் கேட்டுப் பாருங்கள். 'பெரிவிங்கிள்' என்பார்கள்.