கரு தயார், கருப்பை தயாரா?

"முட்டை எடுத்தாயிற்று, கருவும் நன்றாக உருவாகியிருக்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் அடுத்த மாதம் வரச் சொல்கிறீர்கள்?" சோதனைக்குழாய் முறையில் சிகிச்சை பெறும் தம்பதியர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பூந்தமல்லியிலிருந்தும், திருமழிசை, மாங்காடு, குன்றத்தூர் பகுதிகளிலிருந்தும் வருவோருள் சிலர் நகையை அடகு வைத்துப் பணம் திரட்டியிருப்பர். சிலர் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் கெஞ்சி விடுப்புப் பெற்றிருப்பர். அவர்களுக்கு ஒரு மாதத் தாமதம் சிறிய செய்தியன்று. வீணாக இழுத்தடிக்கிறார்களோ என்ற ஐயம் எழுவதும் இயல்பே. அந்த ஐயத்துக்கு விடை கருவில் இல்லை. கருப்பையின் உட்சுவரில் இருக்கிறது.

எண்டோமெட்ரியம் எனப்படும் இவ்வுட்சுவர் மாதந்தோறும் புதிதாக வளர்கிறது. மாதவிடாய் முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அதைத் தடிக்கச் செய்கிறது. கருமுட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், தடித்த அப்படலத்தின் தன்மையையே மாற்றுகிறது. சுரப்பிகள் சத்து நீரைச் சுரக்கின்றன. இரத்த நாளங்கள் சுருள்கின்றன. செல்கள் பருத்துக் கருவை ஏற்கும் நிலைக்கு வருகின்றன. ஆயினும் இந்த ஏற்புநிலை நீடிப்பதில்லை. ஒரு சுழற்சியில் சில நாட்களே கதவு திறந்திருக்கும். அதற்கு முன்பும் பின்பும் எவ்வளவு நல்ல கரு வந்தாலும் ஒட்டிக்கொள்ள இயலாது.

இதில் மனித உடலுக்கென ஒரு தனித்தன்மை உண்டு. எலியின் கருப்பையில், கரு வந்து தொட்ட பிறகே உட்சுவர் இவ்வாறு மாறத் தொடங்கும். பெண்ணின் கருப்பையோ, கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் தானாகவே அந்த ஏற்பாட்டைச் செய்துவிடுகிறது. விருந்தினர் வராத மாதத்தில் அந்த ஏற்பாடு கலைந்து வெளியேறுவதே மாதவிடாய்.

சோதனைக்குழாய் முறையில் சிக்கல் எழும் இடம் இதுவே. இயற்கையில் மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்கிறது. சிகிச்சையில் ஊசிகள் மூலம் பல முட்டைகளை முதிரச் செய்கிறோம். அப்போது ஹார்மோன்களின் அளவு இயல்பைவிடப் பன்மடங்கு உயர்கிறது. உட்சுவர் தன் கால வரிசையைத் தாண்டி முன்னே ஓடிவிடக்கூடும். கரு ஐந்தாம் நாளில் இருக்கையில் கருப்பை ஏழாம் நாளில் இருந்தால் இருவரும் சந்திக்க வழியில்லை.

இந்த இடர்ப்பாட்டை மிக முன்பே உணர்ந்து, அதற்கு வழியும் கண்டவர் ஓர் இந்திய மருத்துவர். கொல்கத்தாவைச் சேர்ந்த சுபாஷ் முகோபாத்யாய் அவர்களின் கதையை எங்கள் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரௌன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அங்கு ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ இருவரும் பல ஆண்டுகள் ஊசி மருந்து கொடுத்து முயன்று தோற்றனர்; பின்னர் மருந்தே வேண்டாம் என விட்டு, இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்து வென்றனர். சுபாஷ் முகோபாத்யாய் வேறு வழியில் சென்றார். அவர் ஊசி மருந்தைக் கைவிடவில்லை. பல முட்டைகளை முதிரச் செய்து, கருவை உருவாக்கி, அதை உடனே கருப்பையில் வைக்காமல் 53 நாட்கள் உறைநிலையில் காத்தார். மருந்தின் தாக்கம் நீங்கி, இயல்பாக வந்த ஒரு சுழற்சியில் அக்கருவைத் தாயின் கருப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3 அன்று அக்குழந்தை பிறந்தது. துர்கா என்ற பெயரால் மருத்துவ வரலாற்றில் அவர் அறியப்படுகிறார். உறையவைக்கும் பணியில் உணவுத் தொழில்நுட்ப அறிஞர் சுனித் முகர்ஜியும், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருக்குத் துணை நின்றனர்.

ஆனால் அன்றைய மேற்கு வங்க அரசு அமைத்த குழு இதை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டில் தம் ஆய்வை எடுத்துரைக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் கண் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூனில் மனமுடைந்து உயிர் துறந்தார். உறைநிலையில் காத்த கருவிலிருந்து பிற நாடுகளில் குழந்தை பிறந்தது 1984-இல்தான்.

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை அவரே என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சாதனையை மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து நிகழ்த்திய விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், பிற்காலத்தில் சுபாஷ் முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்தார். படித்ததும், முதன்மை தமக்குரியதன்று, அவருக்குரியது என 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுத்த அந்தக் கட்டுரை எங்களுக்கு எப்போதும் வியப்பளிப்பது. சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் அவர்களின் சிகிச்சையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்தது 1990-இல்.

ஆக, உங்கள் கருவை உறையவைத்து "அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்லும்போது, கொல்கத்தாவில் தோன்றிய அந்த எண்ணத்தையே பின்பற்றுகிறோம். எனினும் எல்லாருக்கும் இது கட்டாயமன்று. சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ள 1508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், உறையவைத்துப் பின்னர் வைத்தவர்களில் 49.3 விழுக்காட்டினரும், உடனே வைத்தவர்களில் 42 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தும் குறைந்தது. ஆனால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தக் கோளாறு சற்று மிகுந்தது. நீர்க்கட்டி இல்லாத பெண்களிடம் வியட்நாமில் நடந்து 2018-இல் வெளியான ஆய்விலோ இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே "எனக்கு ஏன் உறையவைக்கிறீர்கள்?" என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். உங்கள் உடல்நிலை சார்ந்த காரணம் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும்.

காத்திருக்கும் மாதத்தில் நடப்பது எளிது. பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கி, ஸ்கேனில் உட்சுவரின் தடிமனைப் பார்க்கிறோம். 7 மில்லிமீட்டரை எட்டினால் பொதுவாக நிறைவு. அதற்குக் குறைந்தும் கருத்தரித்தோர் உண்டு என்பதால் அந்த எண்ணையே நினைத்து உறக்கம் இழக்க வேண்டாம். பின் புரோஜெஸ்டிரோன் தொடங்கி, ஐந்து நாள் முடிந்ததும் ஐந்து நாள் வயதுள்ள கருவை உள்ளே வைக்கிறோம். இரண்டு கடிகாரங்களும் அப்போது ஒரே நேரம் காட்டுகின்றன.

உட்சுவர் பலமுறை தடிக்க மறுத்தால் காரணம் தேட வேண்டும். தசைக்கட்டி, சதைவளர்ச்சி, முந்தைய கருக்கலைப்பின்போது ஏற்பட்ட ஒட்டுத்தழும்பு ஆகியன சிகிச்சையால் சரியாகக்கூடியவை. நம் நாட்டில் காசநோயையும் மறக்கலாகாது. இருமலோ காய்ச்சலோ இன்றியே அது கருக்குழாயையும் உட்சுவரையும் தாக்கியிருக்கலாம். பரிசோதனை செய்யச் சொன்னால் அவமானமாகக் கருத வேண்டாம். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தாமதித்தால் உட்சுவர் தழும்பேறி மீளாமற் போகக்கூடும்.

செலவு மிகுந்த சில கூடுதல் முறைகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். உட்சுவரை மெல்லிய குழாயால் கீறிவிட்டால் கரு எளிதில் ஒட்டும் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. 1364 பெண்களிடம் சோதித்து 2019-இல் வெளியான முடிவில், கீறியவர்களும் கீறாதவர்களும் குழந்தை பெற்ற விழுக்காடு ஒன்றே: 26.1. உட்சுவரில் சிறு துணுக்கை எடுத்து மரபணு முறையில் ஆராய்ந்து, கதவு திறக்கும் நேரத்தைக் கணிக்கும் ஈஆர்ஏ சோதனையும் அவ்வாறே. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அக்கணிப்பின்படி கரு வைக்கப்பட்டவர்களில் 58.5 விழுக்காட்டினரும், வழக்கமான நேரத்தில் வைக்கப்பட்டவர்களில் 61.9 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இவற்றை யாரேனும் பரிந்துரைத்தால், என்ன பயன் கருதி என்று கேட்டபின் பணம் கட்டுங்கள்.

இனி, கரு வைத்த பின்வரும் இரண்டு வாரங்கள். வீட்டில் எழும் பேச்சுகளே பல பெண்களுக்கு நோயைவிடக் கொடியவை. "படி ஏறினாயா? ஆட்டோவில் வந்தபோது குலுங்கியதா? அதனால்தான் நிற்கவில்லை." மெட்ரோ பணியால் நம் நெடுஞ்சாலை கண்ட மேடுபள்ளங்களை எண்ணினால் இந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் கருப்பை ஒரு வெற்றுப் பானை அன்று. அதன் முன்சுவரும் பின்சுவரும், கூப்பிய இரு கைகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அவற்றினிடையே மணல் துகளளவே உள்ள கரு, நடந்தாலும் தும்மினாலும் மலம் கழித்தாலும் விழுந்துவிடாது. கரு வைத்த உடனே எழுந்து நடந்தவர்களுக்கு எவ்விதத் தீங்கும் நேரவில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. படுக்கையிலேயே கிடப்பதால் பயன் இல்லை. கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். இயல்பான வீட்டு வேலையும் அலுவலகப் பணியும் செய்யலாம். கனமான சுமை தூக்கும் வேலையில் இருப்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

இயற்கையான கருத்தரிப்பிலும் இழப்பு மிகுதி. சிகிச்சை ஏதுமின்றிக் கருவுற முயன்ற பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து 1999-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், 189 கர்ப்பங்களுள் 48 ஆறு வாரம்கூட நீடிக்கவில்லை. முட்டை வெளிப்பட்ட ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 விழுக்காடே இவ்வாறு இழக்கப்பட்டது. பதினொன்றாம் நாளுக்குப் பின் பதிந்தவற்றிலோ 82 விழுக்காடு. இவர்களுள் எவரும் தவறாகப் படி ஏறவில்லை. தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் பிழையே காரணம். அது முட்டையும் விந்தும் உருவாகும்போதோ சேரும்போதோ நேர்வது. உடனிருக்கும் கணவரும் மாமியாரும் இப்பத்தியை ஒருமுறை படித்துவிட வேண்டுகிறோம்.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. மாத்திரையால் தயார்செய்த சுழற்சியில் உங்கள் சினைப்பை புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை; நாங்கள் தரும் மருந்தே கருவைத் தாங்குகிறது. நஞ்சுக்கொடி வளர்ந்து அப்பொறுப்பை ஏற்க, சுமார் 7 முதல் 10 வாரம் ஆகும். சிறிது இரத்தக்கசிவு கண்டதும் "மாதவிடாய் வந்துவிட்டது" என்று எண்ணி மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அக்கசிவு கரு நிலைத்த பெண்களிடமும் காணப்படுவதே. இரத்தப் பரிசோதனை முடிவு வந்து, மருத்துவர் சொல்லும் வரை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். குறித்த நாளுக்கு முன் வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்வதும் வேண்டாம். முன்னர்ப் போட்ட ஹார்மோன் ஊசி உடலில் எஞ்சியிருந்து பொய்யாக இரண்டு கோடு காட்டலாம்; மிக முன்னதாகச் செய்தால் உண்மையான கர்ப்பமும் ஒரு கோடாகவே தெரியலாம்.

சோதனையில் கர்ப்பம் உறுதியான பின்னும் கரு சில வேளை கருப்பையை விட்டுக் கருக்குழாயில் பதிந்துவிடுவதுண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் புறநோயாளர் நேரத்துக்காகக் காத்திராதீர்கள். நள்ளிரவாயினும் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். கரு வைத்த தேதி எழுதிய அட்டையையும் உடன் எடுத்து வாருங்கள்.