மணப்பெண் வேடமிட்ட சிறுவன்

தம்பி!

சிவகங்கைச் சீமையிலே, சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை இருக்கிறதே, அதுதான் பாரியின் பறம்பு என்பார்கள். பாரி மாண்டான், வடக்கிருந்து உயிர் விட்டார் கபிலர். காரைக்குடி மேடையிலே அந்த நட்பைச் சொன்னால் கைதட்டல் வானைப் பிளக்கும்!

கபிலரை வேறெதற்கும் நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. அது நட்பு, நட்பாகவே இருக்கட்டும். ஆனால் நட்பென்று தொடங்கிய ஒன்று, பள்ளிப் பையன் ஒருவன் நெஞ்சிலே காதலாக முளைத்துவிட்டால், அவன் யாரிடம் கேட்பான்? தகப்பனிடமா? வாத்தியாரிடமா? எந்தப் புத்தகத்தைப் புரட்டுவான்?

புத்தகம் உண்டு. 'ஃபன்னி பாய்' என்பது பெயர், 1994-லே வந்தது. எழுதியவர் ஷியாம் செல்வதுரை. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1965-லே கொழும்பிலே பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் கனடாவுக்குப் போனவர். கொழும்பு நமக்கு அந்நியமா? நம் செட்டிநாட்டார் கப்பலேறிப் போய், லேவாதேவி நடத்தி, ஒரு தெருவுக்கே செட்டியார் தெரு என்று பெயர் வாங்கிய ஊரல்லவா!

கதைநாயகன் அர்ஜி. சிறுவயதிலே பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு ஆடுவான். சேலை கட்டி மணப்பெண்ணாக நிற்பவன் அவன்தான். இழுத்துவந்து கூடத்திலே நிறுத்தினார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள். பையன் வளர்ந்தான். 'இவன் ஆண்பிள்ளையாக வேண்டுமே' என்று தகப்பனார் பள்ளியை மாற்றினார். அடிக்கும் உதைக்கும் பேர்போன பள்ளி! அங்கேதான் ஷெஹான் என்ற சிங்களப் பையன் நண்பனானான். அந்த நட்பிலேதான் அர்ஜி, தான் யார் என்று கண்டுகொண்டான். எதைத் தடுக்க அனுப்பினாரோ, அது அங்கேயே காத்திருந்தது!

தலைமையாசிரியர் ஷெஹானை வதைக்கிறார். பரிசளிப்பு விழாவிலே, அவர் புகழ் ஓங்கும்படி பாட்டு ஒப்பிக்க வேண்டியவன் அர்ஜி. மேடையேறினான், வேண்டுமென்றே வார்த்தைகளைக் குதறினான். நண்பனை வதைத்தவன் முகத்திலே எல்லார் முன்னிலையிலும் கரி பூசினானே, இதைவிட ஆண்மை எது தம்பி?

'இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு' என்பார் சிலர். மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானது அந்த அன்பல்ல, அதைக் குற்றமாக்கிய சட்டம்! 1860-லே வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. இருவர் மனமொத்த அன்பு இனிக் குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-லே மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு இளம்பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? எனக்கே இது விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல வல்லுநரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் தீர்ப்பெழுதினார், 'குணப்படுத்துகிறோம்' என்று கிளம்பும் வைத்தியங்களுக்குத் தடை விதித்தார். நீதிபதி கற்றுக்கொண்டார். நம் வீட்டுத் தகப்பன்மார்?

செல்வதுரை 2005-லே இளையோருக்கென்றே இன்னொரு நாவலும் எழுதினார்: தாய் தந்தையற்ற பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்த உறவுப் பையனிடம் மனத்தைப் பறிகொடுக்கிற கதை. இரண்டும் ஆங்கிலத்திலே எழுதப்பட்டவை. ஆலைத் தொழிலாளி வீட்டிலும் ஓர் அம்ரித் இருப்பானே! அவன் கைக்கெட்டுகிற கதை ஒன்று உன் ஊர்ப் படிப்பகத்திலே இருக்கிறதா? அலமாரியைத் திறந்து பார்த்துச் சொல்.

அர்ஜியின் கதை 1983 ஜூலையிலே வந்து நிற்கிறது. வாக்காளர் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித்தேடிக் கொளுத்திய நாட்கள். அர்ஜியின் வீடும் எரிகிறது. குடும்பம் கனடாவுக்குப் புறப்பட வேண்டும். கரிந்துபோன வீட்டை ஒருமுறை பார்க்கிறான். சிங்கள நண்பனையும் ஒருமுறை பார்க்கிறான், விடைபெற.