பல்கலைக்கழக வாயிலும் வீட்டு வாயிலும்

ஊவா மாகாணத்திலே, பதுளை மாவட்டத்தின் ஒரு கோடியிலே, போகிட்டியாவ என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இவ்வூரின் பெயர் உலகச் செய்தித்தாள்களிலே இடம்பெற்றது. கொவிட் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் பூட்டப்பட்டிருந்த அக்காலத்தில், அவ்வூர்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் யானையும் சிறுத்தையும் நடமாடும் காட்டினூடாக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின் உச்சிக்கு ஏறினார்கள். அங்கேதான் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைத்தது. அதே வேளையில், தலைநகரிலே தனியறையும் மடிக்கணினியும் உள்ள பிள்ளை, நாற்காலியை விட்டு எழாமலே அதே பாடத்தைக் கற்றது. பின்னர் ஒருநாள் இவ்விரு பிள்ளைகளும் எழுதவேண்டியது ஒரே வினாத்தாள். இவர்களுக்கிடையே இருந்த தூரத்தை இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி முறை எவ்வாறு அளக்கின்றது, எதனை அளக்கத் தவறுகின்றது என்பன ஆராய்தற்குரியன.

இந்நாட்டிலே 1945ஆம் ஆண்டு தொடக்கம், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரையிற் கல்வி இலவசமாயிற்று. கன்னங்கரா அவர்களின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அச்சீர்திருத்தத்தின் பயனாகக் கட்டணம் என்னும் தடை நீங்கியது. ஆயின் இடமின்மை என்னும் தடை நீங்கவில்லை. அண்மை ஆண்டுகளில், உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோராக இருக்க, அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அனுமதி பெறுவோர் நாற்பதினாயிரத்துச் சொச்சம் பேரே. நால்வரில் மூவர் வாயிலிலேயே நின்றுவிடுகின்ற இடத்தில், யாரை உள்ளே விடுவது என்னும் வினா வெறும் நிருவாக வினாவாக இருத்தல் இயலாது.

அவ்வினாவுக்கு இன்று விடை கூறுவன இரண்டு. ஒன்று, 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து வழக்கிலுள்ள இசற் புள்ளி. இதனைப் பலரும் ஏதோ மந்திரக் கணக்கென்று எண்ணுகின்றார்கள். உண்மையில் அது மிக எளியது. ஒரு பாடத்திற் பரீட்சார்த்திகள் எல்லாரும் பெற்ற சராசரி 50 எனவும், புள்ளிகளின் பரம்பலைக் காட்டும் நியம விலகல் 10 எனவும் கொள்வோம். 70 பெற்ற மாணவி சராசரிக்கு 20 மேலே நிற்கின்றாள். 20ஐ 10ஆற் பிரித்தால் அவளுடைய இசற் புள்ளி 2. வேறொரு கடினமான பாடத்திற் சராசரி 40, விலகல் 10 எனின், அங்கே 60 பெற்றவனுடைய இசற் புள்ளியும் 2. இவ்வாறு, பாடத்தின் கடுமையினால் ஒருவருக்கு நட்டமும் மற்றொருவருக்கு இலாபமும் நேராமற் காக்கப்படுகின்றது.

மற்றையது மாவட்ட ஒதுக்கீடு. பெரும்பாலான கற்கைநெறிகளில், நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 இடம் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பவும் பங்கிடப்படுகின்றன. எஞ்சிய 5 இடம் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு உரியது. வடக்கு கிழக்கு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களும், நுவரெலியா, பதுளை, மொனறாகலை, அம்பாந்தோட்டை முதலியனவும் அப்பதினாறில் அடங்கும்.

தமிழ் கேட்கும் செவிகளுக்கு இப்பொருள் இனிமையானதன்று. 1970களின் முற்பகுதியிலே, நீதி என்ற பெயராலேயே மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. ஒரே பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவன் கூடுதலான புள்ளி பெறவேண்டியிருந்தது. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின் பின் அம்முறை கைவிடப்பட்டாலும், அது விட்டுச்சென்ற வடு எளிதில் ஆறவில்லை. ஆதலின், புள்ளியைத் திருத்துவோம், இடத்தைப் பங்கிடுவோம் என்று எவரேனும் கூறும்போது தமிழர் ஐயுறுதல் இயல்பே. எனினும் மொழியை நோக்கித் திருத்துவது வேறு, இல்லாமையை நோக்கித் திருத்துவது வேறு. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து மருத்துவ பீடம் புகுந்த பலர் மாவட்ட ஒதுக்கீட்டினாலேயே புகுந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இந்த முறை ஓர் எண்ணத்தின்மீது கட்டப்பட்டது. வசதியும் வசதியின்மையும் மாவட்ட எல்லையை ஒட்டி நிற்கின்றன என்பதே அவ்வெண்ணம். நல்ல பாடசாலையும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள மாவட்டம் ஒன்று, இல்லாத மாவட்டம் ஒன்று. பாடசாலைக் கட்டடமே கல்வியின் இடமாக இருந்த காலத்தில் இது ஓரளவு பொருந்தியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்ட அன்றே அந்த எண்ணம் தளர்ந்துவிட்டது. அன்று தொடக்கம் கல்வியின் இடம் வீடாயிற்று. வீட்டில் மேசை உண்டா, கணினி உண்டா, கைத்தொலைபேசி எத்தனை, அதற்குப் பணம் நிரப்ப யாரால் முடியும், பகலிலே பிள்ளையை வேலைக்கு அழையாதிருக்க முடியுமா என்பனவே பாடத்தின் அளவைத் தீர்மானித்தன. குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் அக்கால அளவைகளின்படி, இலங்கையிற் கணினி இருந்தது ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில். தோட்டப்புறத்திலே அதனினும் மிகக் குறைவு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தந்தையின் ஒரே கைத்தொலைபேசி அவரோடு காலையில் வேலைக்குப் போய்விடும். மாலையில் அது திரும்பி வரும்போது வகுப்பு முடிந்திருக்கும்.

தொலைக்காட்சியிலே பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன, அவை நற்பணியே. ஆயினும் எதிரே நிற்கும் மாணவனின் முகம் வாடுவதைக் கண்டு, "விளங்கவில்லையா?" என்று நின்று கேட்கும் ஆசிரியரின் இடத்தை எந்தக் கருவியும் நிரப்பியதில்லை. 2021 யூலை தொடக்கம் ஒக்ரோபர் வரை, சம்பள முரண்பாடு பற்றிய தொழிற்சங்க நடவடிக்கையினால் நிகழ்நிலை வகுப்புகளும் நின்றன. ஆசிரியரின் கோரிக்கை நியாயமானது எனினும், அந்த மாதங்களிலே தனியார் வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை கற்றுக்கொண்டே இருந்தது. மற்றப் பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது மாவட்ட எல்லையை மீண்டும் நோக்குக. கண்டி மாவட்டம் அப்பதினாறில் இல்லை. புகழ்பெற்ற கல்லூரிகள் நிறைந்த மாவட்டமாதலால் வெட்டுப்புள்ளியும் உயர்ந்தது. ஆனால் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமும் கண்டி மாவட்டமே. அங்கே லயன் அறையில் அறுவரோடு இருந்து படித்த மாணவி, கண்டி நகரின் பெருங்கல்லூரி மாணவியோடு ஒரே மாவட்டப் பட்டியலிற் போட்டியிடுகின்றாள். நுவரெலியா மாவட்டத்திலும் அதேபோன்ற லயன் உண்டு, அதேபோன்ற பிள்ளை உண்டு; எல்லைக்கோட்டின் அந்தப்பக்கம் பிறந்தமையால் அப்பிள்ளைக்கு மட்டும் சலுகை உண்டு. கொழும்பின் நிலை இன்னும் விந்தையானது. 2020ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில் நடைபெற வேண்டியது, பிற்போடப்பட்டு ஒக்ரோபர் 12 தொடக்கம் நவம்பர் 6 வரை நடந்தது. அந்நாட்களில் முகத்துவாரம், மட்டக்குளி முதலிய பகுதிகள் ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்தன. ஓரறை வீட்டிலிருந்து காவலரண் தாண்டிப் பரீட்சை மண்டபத்துக்குச் சென்ற அப்பகுதிப் பிள்ளை, மிக உயர்ந்த வெட்டுப்புள்ளியுள்ள மாவட்டங்களுள் ஒன்றான கொழும்பின் பிள்ளையாகவே கணிக்கப்பட்டது. இசற் புள்ளியோ இதனைக் காணாது. பாடத்துக்குப் பாடம் உள்ள ஏற்றத்தாழ்வை அது சமப்படுத்தும். வீட்டுக்கு வீடு உள்ள ஏற்றத்தாழ்வு அதன் கண்ணுக்குப் புலப்படாது. எல்லாருடைய சராசரியையும் எடுக்கும் கணக்கிலே, எல்லாரும் ஒரே அளவு இழந்தார்கள் என்னும் பாவனை மறைந்து கிடக்கின்றது.

கலைப்பிரிவு மாணவரைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. நாட்டின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளுள், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறக்குறைய ஆயிரமே. ஆகவே பின்தங்கிய ஊர்களின் பிள்ளைகள், விருப்பினால் அன்று, வேறு வழியின்மையால் கலைப்பிரிவிற் சேர்கின்றனர். அப்பிரிவுக்கோ மாவட்ட ஒதுக்கீடு இல்லை. கலைப்பீட அனுமதி முழுவதும் அகில இலங்கைத் திறமையின்படியே நடைபெறுகின்றது. எந்தப் பிள்ளைக்குத் துணை மிக வேண்டுமோ, அந்தப் பிள்ளை செல்லும் வழியிலே துணையே வைக்கப்படவில்லை. பெருந்தொற்றுக்கு முன்னரும் இது குறையே. அதன் பின்னரோ பெருங்குறை.

வாயிலைக் கடந்தவர்க்கும் இடர் தீரவில்லை. யாழ்ப்பாணத்திலோ வாழைச்சேனையிலோ தமிழிற் கற்ற மாணவன், விஞ்ஞான, பொறியியல், மருத்துவ பீடங்களிலே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டும். முன்னைய காலத்தில் அவனைக் கரைசேர்த்தவர் யாவர்? பக்கத்து வாங்கிலிருந்த நண்பனும், விடுதியிலே இரவு விளக்கின்கீழ்ப் பழைய குறிப்பேட்டை விரித்து விளக்கிய மூத்த மாணவனுமே. கொரோனாக் காலத்தில் அனுமதி பெற்றோருக்கு அந்த விடுதி கிடைக்கவில்லை. முதலாம் ஆண்டைச் சிறு திரையின் முன்னே, அறுந்து அறுந்து வரும் குரலைக் கேட்டுக் கழித்தனர். பல்கலைக்கழக இணையத்தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில காலம் வசதி செய்தன, மெச்சத்தக்கதே. ஆனால் சமிக்ஞையே எட்டாத ஊரிற் கட்டணச் சலுகையால் என்ன பயன்?

அதன்மேல் வந்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981ஆம் ஆண்டு உருவான மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா அளவினதாக இருந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. 2025ஆம் ஆண்டிலே அத்தொகை 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளிற் சோற்றுப் பொதியின் விலை அதற்காகக் காத்திருக்கவில்லை. விடுதிச் செலவைத் தாங்கமாட்டாது படிப்பை இடைநிறுத்திய ஒருவனை எந்த ஒதுக்கீடும் திரும்ப அழைத்து வராது.

காலமும் ஒரு செலவே. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 சனவரியிலும், 2023க்குரியது 2024 சனவரியிலும் நடைபெற்றன. எழுதியபின் பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் பதிவுக்கும் காத்திருந்து, விரிவுரை மண்டபத்திற் கால்வைக்க ஓராண்டும் அதற்கு மேலும் சென்றன. வசதியுள்ளவன் அந்த இடைவெளியிலே தனியார் நிறுவனத்திற் சேர்ந்தான், அல்லது வெளிநாடு சென்றான். தோட்டத்துப் பையன் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போனான். கடைச் சம்பளத்தைக் கண்ட வீடு, அனுமதிக் கடிதம் வந்தபோது அவனை எளிதில் விடவில்லை.

இவற்றுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மாவட்ட ஒதுக்கீட்டை அழிக்கவேண்டுவதில்லை; அதனுள்ளே இன்னொரு சிறு அளவுகோல் வேண்டும். விண்ணப்பிக்கும் மாணவன் எவ்வகைப் பாடசாலையிற் கற்றான் என்பதை அரசாங்கம் அறியும். பெற்றோரின் வருமானத்தை மகாபொலவுக்காக எப்படியும் கேட்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்து, மாவட்டத்துக்குரிய இடங்களிலே ஒரு பங்கினை வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தால், தெல்தோட்டைப் பிள்ளைக்கும் முகத்துவாரப் பிள்ளைக்கும் வழி திறக்கும். வருமானச் சான்றிதழிற் பொய் புகும் என்பர். புகும்தான். ஆதலால் பாடசாலை வகையை முதலளவாகக் கொள்வதே நன்று. அதனை எவரும் ஓரிரவில் மாற்றியெழுதல் இயலாது. கலைப்பீடங்களுக்கும் இதனை விரித்தல் வேண்டும். உள்ளே வந்தவர்க்கு, முதற் பருவத்திலே ஆங்கிலத்துக்கும் அடிப்படைக் கணிதத்துக்கும் நேர்முக வகுப்புகள் வேண்டும். பிந்திய காலத்தைப் பிடிக்கும் அவசரத்தில் நான்காண்டுப் பாடத்தை மூன்றரை ஆண்டில் நெருக்குவது, ஏற்கெனவே பின்தங்கியவனையே மேலும் நெருக்கும். மாலை நேரத்திற் பாடசாலைக் கணினிக் கூடத்தைத் திறந்து வைத்தற்குச் செலவு ஒரு காவலாளியின் கொடுப்பனவும் மின்கட்டணமுமே.

பரீட்சைக் காலம் ஏறக்குறையச் சீராகிவிட்டது. 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை அவ்வாண்டு நவம்பரிலேயே ஆரம்பமாயிற்று. ஆகவே பெருந்தொற்றின் கணக்கு முடிந்துவிட்டது எனச் சிலர் கருதுகின்றனர். 2020 சனவரியில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, அரிச்சுவடியைக் கையில் எடுத்து இரண்டு மாதமாகுமுன் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அக்குழந்தை உயர்தரப் பரீட்சை எழுதுவது ஏறக்குறைய 2032ஆம் ஆண்டில்.