ஒரே கசிவு, இரண்டு கட்டடம்: சைட்டில் கற்றது எங்கே போகிறது?

இந்த எபிசோடில் ஒரு பாத்ரூம் கசிவைப் பற்றிப் பேசப் போகிறேன். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா ஒரு ப்ராஜெக்ட்டில் கற்றுக்கொண்டது அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு ஏன் போய்ச் சேருவதில்லை என்பதை எனக்குப் புரியவைத்தது இதுதான்.

நான் சைட் இன்ஜினியரா இருந்தப்போ கட்டின ஒரு அப்பார்ட்மென்ட். சாவி கொடுத்த ஆறாவது மாசம் ஒரு வீட்டுக்காரர் போன் பண்ணார். ரிட்டயர் ஆனவர், பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கின வீடு. பாத்ரூம் சீலிங்கில் ஈரம், பக்கத்து பெட்ரூம் சுவரில் பெயின்ட் உரியுது.

மேல் வீட்டு டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். வாட்டர்ப்ரூஃபிங் நன்றாகத்தான் இருந்தது. தண்ணி இறங்கினது ஸ்லாப்பைத் துளைச்சுப் போற குழாயைச் சுற்றி. அந்த இடைவெளியை சுருங்காத க்ரௌட் போட்டு அடைச்சிருக்கணும். சாதாரண சிமென்ட் கலவையைப் பூசிவிட்டிருந்தாங்க. அது காயும்போது சுருங்கும், பி.வி.சி. குழாயோட சரியா ஒட்டாது. முடி அளவு வெடிப்பு போதும்.

அப்போ தண்ணீர் தேக்கிப் பார்க்கிற டெஸ்ட் செய்யலையா? செய்தோம். 48 மணி நேரம் தேக்கினோம், கசிவு இல்லை. ரிஜிஸ்டரில் 'ஓகே'ன்னு என் கையெழுத்தே இருக்கு. ஆனா டெஸ்ட் முடிந்த பிறகுதான் பிளம்பர் வந்து ஸ்லாப்பைத் துளைத்துக் குழாய் பொருத்தினார். ரிஜிஸ்டரைப் பார்த்த அந்த வீட்டுக்காரர், "தம்பி, நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"ன்னு கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, அதே நிறுவனத்தின் வேறொரு சைட்டில், அதே கசிவு. முதல் கட்டடத்தைச் சரிசெய்த மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார். நான் ஆபீஸுக்கு மாறிவிட்டேன். போட்டோக்கள் எல்லாம் அந்த ப்ராஜெக்ட்டோட வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்தன. புது இன்ஜினியர் பொய் எழுதவில்லை. செக்லிஸ்ட்டில் 'டெஸ்ட் செய்யப்பட்டதா?' என்று இருந்தது, 'ஆம்' என்று டிக் அடித்தார். எப்போது செய்யணும், ஏன் அப்போது செய்யணும் என்பது அந்தத் தாளில் இல்லை.

இதே மாதிரி இன்னொன்று. கான்க்ரீட்டுக்கு ஏழு நாள் தண்ணி விட்டா போதும்னு பல சைட்டில் சொல்வாங்க. ஐ.எஸ். 456:2000 விதியில் அந்த ஏழு நாள் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற சிமென்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள். வெயிலும் வறட்சியும் இருந்தால் எதற்குமே பத்து நாளுக்குக் குறையக் கூடாது. சாம்பல் மெதுவாக வினைபுரியும், அதனால் ஈரம் அதிக நாள் வேணும். இந்தக் காரணம் தெரிந்தவர், மூட்டையில் சிமென்ட் வகை மாறினதும் நாளையும் மாற்றுவார். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் மாற்ற மாட்டார்.

ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையும் 2015 பதிப்பில் இதற்குத் தனிப் பிரிவு வைத்தது. 7.1.6: வேலைக்குத் தேவையான அறிவை நிறுவனம் அடையாளம் கண்டு, காப்பாற்றி, தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்கச் செய்யணும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும் ஆபீஸ்களில்கூட இதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

நாங்க கடைசியில் செய்தது பெரிய சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. ஒரு தவறு நடந்தால் மூன்று வரி எழுதினோம்: என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, அடுத்த முறை எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்திப் பார்க்கணும். அந்த மூன்றாவது வரியை ஃபைலில் விடாமல் செக்லிஸ்ட்டுக்குள்ளேயே கொண்டுவந்தோம். இப்போ கேள்வி இப்படி இருக்கு: 'குழாய் பொருத்தி, க்ரௌட் போட்ட பிறகு, டைல்ஸுக்கு முன் தண்ணீர் தேக்கினீர்களா? எத்தனை மணி நேரம்? போட்டோ எங்கே?'

இன்னொரு பழக்கமும் வந்தது. வேலை முடிந்து மேஸ்திரி கிளம்புவதற்கு முன், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்து, "இந்தக் கட்டடத்தில் எது உங்களுக்குத் திருப்தியா இல்லை?"ன்னு கேட்கிறோம். அவர் சொல்றதை அங்கேயே எழுதிக்கொள்கிறோம். உங்க சைட்டில் அடுத்து யார் கிளம்பப் போறாங்கன்னு பாருங்க. அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.