நாற்பதுக்குப் பிறகு லைஃப்டைம் ஐசாவை நிறுவனம் மாற்றலாமா?

நீங்கள் பிரிட்டனில் இருக்கிறீர்கள். முப்பதுகளில் ஒரு லைஃப்டைம் ஐசா தொடங்கினீர்கள். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. உங்கள் நிறுவனம் வட்டியைக் குறைத்துக்கொண்டே வருகிறது. வேறொன்று கூடுதலாகத் தருகிறது. அங்கே விண்ணப்பிக்கப் போனால், பிறந்த தேதியைப் போட்டதுமே ‘18 முதல் 39 வயது வரை மட்டும்’ என்று படிவம் திருப்பி அனுப்புகிறது. பணம் இனி பழைய இடத்திலேயே கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம், மாற்றலாம். ஆனால் மாற்றும் வழி தவறினால் ஆயிரக்கணக்கான பவுண்டு கையை விட்டுப் போகும்.

இது எப்படிப்பட்ட கணக்கு என்பதை முதலில் பார்ப்போம். ஐசா (வட்டிக்கும் லாபத்துக்கும் வரி பிடிக்காத சேமிப்புக் கணக்கு) பல வகைப்படும். அதில் லைஃப்டைம் ஐசா 2017 ஏப்ரலில் வந்தது. ஆண்டுக்கு 4,000 பவுண்டு வரை போடலாம். அதற்கு அரசு 25 சதவீதம், அதாவது அதிகபட்சம் 1,000 பவுண்டு, போனஸ் தரும். 4,50,000 பவுண்டுக்கு மேற்படாத முதல் வீட்டை வாங்கும்போதோ, 60 வயதானதுமோ பிடித்தம் இல்லாமல் எடுக்கலாம். ஆயுள் ஓராண்டுக்குள் என்று மருத்துவர் சொல்லிவிட்ட நோயாளிக்கும் இந்தச் சலுகை உண்டு. மற்றபடி எதற்காக எடுத்தாலும், எடுக்கும் தொகையில் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் 40 வயது வரம்பு எதற்கு? புதிதாக உள்ளே வருவதற்கு மட்டும். நாற்பதாவது பிறந்தநாளுக்கு முன் கணக்கைத் தொடங்கி, முதல் பணத்தையும் போட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்தவர் 50 வயது வரை பணம் போட்டு போனஸ் வாங்கலாம். நிறுவனம் மாற்றுவது பழைய கணக்கின் தொடர்ச்சிதான். விதி அதைத் தடுக்கவில்லை.

பிறகு ஏன் படிவம் மறுத்தது? உங்கள் பழைய நிறுவனம் பணத்தை வெளியே விட்டே ஆக வேண்டும். புதிய நிறுவனத்துக்கோ அதை ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் இல்லை. சிலர் நாற்பது கடந்தவர்களை ஏற்பதே இல்லை. சிலர் ஏற்பார்கள், ஆனால் அவர்களுடைய படிவம் புதியவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டிருக்கும். அதனால் திரையில் வந்த மறுப்பை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொலைபேசியிலோ எழுத்திலோ இப்படிக் கேளுங்கள்: “என்னிடம் ஏற்கெனவே லைஃப்டைம் ஐசா இருக்கிறது, வயது 43. அதை உங்களிடம் மாற்றிக்கொள்ள முடியுமா? அதன்பின் தொடர்ந்து பணம் போட முடியுமா?” இரண்டாவது கேள்விக்கும் பதில் வாங்காமல் விடாதீர்கள்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். ‘நானே பணத்தை எடுத்து அங்கே போட்டுவிடுகிறேனே’ என்று தோன்றும். கூடவே கூடாது. 30,000 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே எடுத்தால் 7,500 பவுண்டு பிடித்தம் போக 22,500தான் கைக்கு வரும். அரசு கொடுத்த போனஸோடு உங்கள் சொந்தப் பணத்திலும் ஒரு பங்கு அதில் போய்விடும். மிஞ்சியதையும் ஆண்டுக்கு 4,000க்கு மேல் திரும்பப் போட முடியாது. அதைவிட மோசம், கணக்கையே மூடிவிட்டால் நாற்பது கடந்த உங்களால் இன்னொன்று தொடங்க முடியாது.

சரியான வழி இதுதான். புதிய நிறுவனத்தின் மாற்றல் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பழைய நிறுவனத்திடம் பணத்தைக் கேட்டு வாங்குவது அவர்கள் வேலை. இப்படி மாறும் பணம் 4,000 வரம்பில் சேராது, பிடித்தமும் இல்லை. படிவத்தில் கணக்கின் வகையைக் கேட்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 60 வயதுக்கு முன் சாதாரண ரொக்க ஐசாவுக்கு மாற்றினால் அதுவும் பணம் எடுத்ததாகவே கணக்காகும், 25 சதவீதம் போகும். லைஃப்டைம் ஐசாவிலிருந்து லைஃப்டைம் ஐசாவுக்கு என்றே இருக்க வேண்டும்.

எத்தனை நாள் ஆகும்? ரொக்கக் கணக்கென்றால் 15 வேலை நாட்கள், மற்றவற்றுக்கு 30 நாட்கள் என்பது பொதுவான வரையறை. பங்குகளில் போட்டிருந்தால், அவற்றை விற்றுப் பணமாக்கித்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். அந்த இடைவெளியில் சந்தை ஏறினால் உங்களுக்குப் பங்கில்லை. வெளியேறும் கட்டணம் உண்டா என்றும் பழைய நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரவேண்டிய போனஸ் என்ன ஆகும்? அது மாதாமாதம் கணக்கிடப்படுகிறது. மாற்றத்துக்குப் பின் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கிருந்து புதிய கணக்குக்கு அனுப்பிவைப்பார்கள். சற்றுத் தாமதமாகலாம், அறிக்கையில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பணம் போடலாமா? ஒரு வரியாண்டில் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) ஒரே ஒரு லைஃப்டைம் ஐசாவுக்குத்தான் பணம் செலுத்தலாம். ஆகவே மாதந்தோறும் தானாகப் போகும் தொகையை, மாற்றம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். இந்த ஆண்டு போட்டதும் சேர்ந்து மாறுகிறதா என்று புதிய நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு? பணம் போடவும் முடியாது, போனஸும் இல்லை. ஆனால் இருக்கும் பணம் வட்டியோடு வரியின்றி வளரும், அதை மாற்றவும் தடையில்லை. புதிதாகப் பணம் போட முடியாத வாடிக்கையாளரை ஏற்க நிறுவனங்களுக்கு ஆர்வம் குறைவாக இருக்கலாம் என்பதால் தேட வேண்டியிருக்கும். 60 வரை இன்னும் பத்தாண்டு கிடக்கப்போகிற பணம். தேடுவது வீண் வேலை இல்லை.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குடிபெயரும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று: பிரிட்டனை விட்டுப் போனபின் பொதுவாகப் புதிதாகப் பணம் போட முடியாது, ஆனால் கணக்கை மூட வேண்டியதில்லை. வரி இல்லை என்பது பிரிட்டனின் சலுகை மட்டுமே. போகும் நாட்டின் வரிச்சட்டம் அதை மதிக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னும் 39ல் இருப்பவரா? வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகாவிட்டாலும், பிறந்தநாளுக்கு முன்பே ஒரு கணக்கைத் தொடங்கிச் சிறு தொகை போட்டு வையுங்கள். சில நிறுவனங்களில் ஒரு பவுண்டே போதும்.