செய்தீர்களா, செய்வித்தீர்களா?

"வீடு கட்டினேன்" என்று ஒருவர் சொன்னால், அவரே சாந்து குழைத்துக் கல் அடுக்கினார் என்று நாம் எவரும் நினைப்பதில்லை. "சட்டை தைத்தேன்" என்றாலும் தையல்காரரிடம் கொடுத்தார் என்றே விளங்கிக்கொள்கிறோம். செய்வித்தேன், தைப்பித்தேன் போன்ற சொற்கள் தமிழில் இருந்தும் அவை நமது நாவில் வருவது குறைவு. இதே பழக்கத்தோடு ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதம் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

பேருவளை வியாபாரி ஒருவர் வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கு நீலக்கல் ஒன்றை விற்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் கல்லைக் கொடுத்து அறிக்கையும் பெற்றுவிட்டார். மின்னஞ்சலில் "வீ டெஸ்டட் த ஸ்டோன்" என்று எழுதுகிறார். வாசிப்பவருக்கு இது "கல்லை நாங்களே பரிசோதித்தோம்" என்றே படும். விற்பவரே பரிசோதித்த கல்லுக்கு யார் நம்பி விலை சொல்வார்? பணம் செலவழித்துப் பெற்ற அறிக்கையின் பெறுமதி ஒரே வசனத்தில் போய்விடுகிறது.

அவர் எழுதியிருக்க வேண்டியது, "வீ ஹேட் த ஸ்டோன் டெஸ்டட்" என்பதாகும். கல்லைப் பிறரைக் கொண்டு பரிசோதிப்பித்தோம் என்பது இதன் கருத்து. கடைசியில் "பை" என்ற சொல்லைச் சேர்த்து ஆய்வுகூடத்தின் பெயரையும் எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

இங்கு சொற்களின் ஒழுங்கு மிக முக்கியம். பொருள் நடுவில் வர வேண்டும்; வினை அதற்குப் பின்னால் வர வேண்டும். "வீ ஹேட் டெஸ்டட் த ஸ்டோன்" என்று மாற்றி எழுதினால், "அதற்கு முன்னரே நாங்கள் பரிசோதித்திருந்தோம்" என்றாகிவிடும். அதே சொற்கள்தான், ஆனால் வேலை செய்தவர் மாறிவிடுகிறார். கல்லைச் சூடாக்கிய விடயத்தை எழுதும்போதும் இதே கவனம் தேவை. வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும் கடை முதலாளி "வீ ஓடிட்டட் அவர் எக்கவுன்ட்ஸ்" என்று எழுதினால், தனது கணக்கைத் தானே கணக்காய்வு செய்ததாகவல்லவா ஆகும்!

"ஹேட்" என்பதற்குப் பதிலாக "கொட்" என்றும் சொல்லலாம். பேச்சிலும் நண்பருக்கு எழுதுவதிலும் அது இயல்பானது. கடிதத்துக்கு "ஹேட்" பொருத்தமானது. "ஆளை வைத்துச் செய்வித்தேன்" என்பதை நினைத்துக்கொண்டு "மேட்" என்ற சொல்லை மட்டும் போட்டுவிடாதீர்கள். "ஐ மேட் த டெக்னீஷியன் ரிப்பெயார் இட்" என்றால், அந்த மனிதரை வற்புறுத்தி வேலை வாங்கியது போலிருக்கும்.

இதற்காக எல்லா இடத்திலும் பயப்படத் தேவையில்லை. ஆங்கிலேயரும் "வீ ஆர் பில்டிங் எ ஹவுஸ்" என்று சொல்வதுண்டு. அவர்கள் கையில் சீமெந்து இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை. பரிசோதனை, கணக்காய்வு, மதிப்பீடு, திருத்த வேலை என்று, யார் செய்தார் என்பதில் நம்பிக்கை தங்கியிருக்கும் இடங்களில்தான் இது பாரதூரமாகிறது.

இன்னொன்று. "ஐ ஹேட் மை போன் ஸ்டோலன்" என்று ஒருவர் சொன்னால், ஆள் வைத்துத் தனது தொலைபேசியைத் திருடுவித்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தமக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்.