கடலுக்கு எவ்வழி?

திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் உள்ளது. அங்கிருந்து கடற்கரை செல்ல விரும்பும் அன்பர்கள், வரைபடத்தில் கிழக்கே நேர்கோடு கிழித்தால் போதுமென எண்ணுவர். அக்கோடு ஏமாற்றும். சூலூர்ப்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரியின் குறுக்கே செல்லும் சாலை சேருமிடம் ஸ்ரீஹரிகோட்டா. அதுவோ ராக்கெட் ஏவுதளம். 2019-இல் அங்கே பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. எனினும் முன்பதிவு வேண்டும். கடலாடும் இடமும் அன்று.

அயல்நாட்டில் பயிலும் நான், கடலே காணாத என் பாட்டியாருக்காக ஆராய்ந்து தேர்ந்த வழி வேறு. காளத்தி வழியாக 71-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் நாயுடுபேட்டை வரும். அங்கே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை குறுக்கிடும். தெற்கே திரும்பினால் மீண்டும் ஏரிதான். கோட்டா, வாக்காடு ஊர்களின் வழியே சென்றாலோ, ஏரியின் வடகோடியைத் தாண்டித் தூப்பிலிப்பாளையம் கடற்கரையை அடையலாம். முழங்கால் நோயுள்ள முதியோர்க்கு ஒரே பயணத்தில் கடல் கிட்டும். திரும்பி அலைய வேண்டுவதில்லை.

இது சுற்றுவழியன்றோ என வினவலாம். சுவர்ணமுகி ஆற்றைப் பாருங்கள்! திருப்பதிப் பக்கத்திலிருந்து காளத்தியையும் நாயுடுபேட்டையையும் தொட்டு, வடகிழக்காகவே ஓடிக் கடல் சேர்கிறது. ஆறு கண்ட வழியை நாம் ஐயுறுவானேன்?